ஏறாத மைலேஜ்

என்னுடைய வேலை மைலேஜ். ஊரில் யாராவது கேட்டால் அப்படித்தான் சொல்வேன். அதற்கு மேல் விளக்கப் போனால் கேட்டவரின் பார்வை வேறு பக்கம் திரும்பிவிடும். செங்கல்பட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஒரு கார் தொழிற்சாலையில், ஒரு லிட்டர் பெட்ரோலில் வண்டி இன்னும் கொஞ்ச தூரம் ஓட என்ன வழி என்று பார்க்கும் குழுவில், கல்லூரி முடித்ததிலிருந்து இருக்கிறேன். பொழுது விடியும்போது திண்டிவனம் பைபாஸில் கம்பெனி பஸ் வரும். ஏறி உட்கார்ந்ததும் தூங்கிவிடுவேன். கேட் வந்ததும் யாராவது எழுப்புவார்கள்.

எங்கள் சோதனை அறையில் தரையோடு தரையாக இரும்பு உருளைகள் பதித்திருக்கும். காரின் சக்கரங்களை அவற்றின்மேல் நிறுத்தி, வண்டியைச் சங்கிலியால் நாலு பக்கமும் இழுத்துக் கட்டிவிட்டு ஓட்டுவோம். சக்கரம் நெடுஞ்சாலை வேகத்தில் சுற்றும். வண்டி இருந்த இடத்திலேயே இருக்கும். வெளியே வரும் புகையை ஒரு கருவி உறிஞ்சிப் பார்த்து, உள்ளே போன பெட்ரோல் எவ்வளவு என்று சொல்லிவிடும். அந்த எண்ணில் புள்ளிக்கு அந்தப் பக்கம் ஒன்று கூடினாலே எங்களுக்கு அன்றைக்குத் திருவிழாதான்.

கூட்டத்தான் செய்தோம். இஞ்சின் ஆயிலை இன்னும் மெல்லியதாக்கினோம். பிஸ்டன் உரசுவதைக் குறைத்தோம். சாலையோடு டயர் ஒட்டிக்கொண்டு இழுபடாதபடி அதன் ரப்பர் கலவையை மாற்றினோம். சிக்னலில் நின்றால் இஞ்சின் தானாக அணைய வைத்தோம். ஒவ்வொன்றும் பல மாத வேலை. ஒவ்வொரு முறையும் அந்தக் கொஞ்சத்தைக் கையில் ஏந்திக்கொண்டு மேலே இருக்கும் கூட்ட அறைக்குப் போவோம்.

அங்கே அது செலவாகிவிடும். வடிவமைப்புக்குத் தலைவராக இருந்தவர் நல்ல மனிதர். எங்களை எழுந்து நின்று பாராட்டுவார். "உங்க டீம் மிச்சம் பிடிச்சுக் குடுத்ததாலதான் இந்தத் தடவை கூரையில கண்ணாடி வைக்க முடியுது" என்பார். கூரைக் கண்ணாடிக்கு எடை உண்டு. அதைத் தாங்கும் சட்டத்துக்கு எடை உண்டு. அடுத்த வருடம் சக்கரம் பெரிதாகும், அதற்கடுத்த வருடம் வண்டி ஒரு சாண் உயரும், முன்பக்கம் காற்றைக் கிழிக்காமல் சுவர் மாதிரி முட்டிக்கொண்டு போகும். புது வண்டியை உருளைமேல் ஏற்றிப் பார்த்தால் பழைய எண்ணிலேயே வந்து நிற்கும். யாரும் கவலைப்பட மாட்டார்கள். குறையவில்லையே, அது போதும்.

ஆரம்பத்தில் இது என்னை வாட்டியது. பிறகு பழகிவிட்டது என்று நினைத்தேன்.

அப்பாவிடம் ஒரு சின்ன வெள்ளைக் கார் இருந்தது. அவர் திண்டிவனத்தில் மல்லாட்டை மண்டி, அதாவது நிலக்கடலை மொத்த வியாபாரம், வைத்திருந்தவர். கண்டாச்சிபுரம் பக்கமும் ஒலக்கூர் பக்கமும் கிராமம் கிராமமாகப் போய்ச் சரக்கு பார்ப்பதற்காக, நான் பள்ளியில் படிக்கும்போது வாங்கினார். ஏசி கிடையாது. நாலு பேர் ஏறி மேடு வந்தால் முனகும். கதவைச் சாத்தினால் தகர டப்பா மூடிய சத்தம் வரும். மண்டியை விட்ட பிறகு அப்பா அதை என் கணவரிடம் கொடுத்தார். கணவர் விழுப்புரத்தில் ஒரு பள்ளியில் கணக்கு ஆசிரியர். அதே பள்ளியில்தான் எங்கள் மகளும் படிக்கிறாள். தினமும் காலையில் அவர் ஓட்ட, அவள் பின்சீட்டில் இடது பக்கம் உட்கார்ந்து, டிபன் டப்பாவைத் திறந்து சாப்பிட்டுக்கொண்டே போவாள்.

அன்று சனிக்கிழமை. அவளுக்குப் பள்ளி இல்லை. அவருக்கு மட்டும் ஏதோ பரீட்சை வேலை. விக்கிரவாண்டிக்கு முன்னால் சாலைத் தடுப்பில் இருந்த ஒரு இடைவெளியில் அவர் மெதுவாகத் திரும்பிக்கொண்டிருந்தபோது, நேராக வந்த உயரமான கார் ஒன்று இடது பக்கத்தில் மோதியது. எங்கள் வண்டி சுழன்று தடுப்புச் சுவரில் போய் ஒட்டிக்கொண்டது. அவருக்குத் தொடை எலும்பும் தோள் எலும்பும் முறிந்தன. மோதிய காரில் இருந்தவர்கள் தாங்களே கதவைத் திறந்துகொண்டு இறங்கி, அவரை வெளியே இழுத்து, ஆம்புலன்ஸுக்குப் போன் செய்திருக்கிறார்கள். அவர்களுக்கு ஒரு கீறல்கூட இல்லை.

முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரியில் அவரைப் பார்த்துவிட்டு, மறுநாள் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனேன். இரண்டு வண்டிகளும் வேப்பமரத்தடியில் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. எங்கள் காரின் பின்கதவு இடது பக்க சீட்டின்மேல் மடிந்து கிடந்தது. சீட் என்று ஒன்று அங்கே இருந்ததாகவே தெரியவில்லை. இந்தப் பக்கம் நின்ற உயரமான காருக்கு முன் பம்பர் தொங்கியது, ஒரு விளக்கு உடைந்திருந்தது, அவ்வளவுதான். அது எங்கள் தொழிற்சாலையில் செய்த வண்டி. மோதினது யார் தப்பு என்ற பேச்சு ஒருபுறம் நடந்துகொண்டிருந்தது. நான் அதைக் கேட்கவில்லை. இந்த மாடலுக்கு மைலேஜ் பார்க்க இரண்டு வருடம் உழைத்திருக்கிறேன். வெறும் வண்டியின் எடை எனக்கு மனப்பாடம். அப்பாவின் காரைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு.

வீட்டில் அதற்குப் பிறகு விவாதம் என்று ஒன்றும் நடக்கவில்லை. அம்மா ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்.

"இனிமே அந்த டப்பா மாதிரி வண்டில எம் பேத்தி ஏறமாட்டா. பெரிய வண்டியா ஒண்ணு எடு. இடிச்சா இடிச்சவன் நசுங்கணும்."

"அப்படிச் சொல்லாதீங்கம்மா."

"வேற எப்புடிடி சொல்றது? நீயே பாத்துட்டு வந்தியே."

பார்த்துவிட்டுத்தான் வந்தேன். என் படிப்பும் வேலையும் சொல்வது வேறு. எல்லாரும் எடையைக் கூட்டிக்கொண்டே போனால் சாலையில் யாருக்கும் பாதுகாப்பு கூடாது, குடிக்கிற பெட்ரோல்தான் கூடும். அதைக் கூட்ட அறையில் படம் போட்டுக்கூடச் சொல்லியிருக்கிறேன். ஆனால் அந்த மடிந்த கதவைப் பார்த்த பிறகு, மற்ற எல்லாரும் முதலில் பெரிய வண்டியிலிருந்து இறங்கட்டும், நான் கடைசியாக இறங்குகிறேன் என்றுதான் தோன்றியது.

கணவர் ஊன்றுகோலோடு நடக்க ஆரம்பித்ததும் விழுப்புரத்தில் ஷோரூமுக்குப் போனோம். நான் வேலை செய்யும் இடத்தின் வண்டியே போதும் என்று அவர் சொன்னார். அவரை இடித்த அதே மாடல்தான், புதிய வடிவம். அவருக்கு அதில் எந்தச் சங்கடமும் இருக்கவில்லை. "இடிச்சப்புறமும் நல்லாத்தானே நின்னுது" என்றார்.

விற்பனைப் பையன் சுறுசுறுப்பாக இருந்தான். கூரைக் கண்ணாடியைத் திறந்து மூடிக் காட்டினான். சீட்டிலிருந்து குளிர்ந்த காற்று வருவதைக் காட்டினான். எல்லாம் காட்டி முடித்த பிறகும் மைலேஜ் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நானாகக் கேட்டேன்.

"இப்பல்லாம் அத யாருமே கேக்கறது இல்ல மேடம்" என்று சிரித்தான். பிறகு ஒரு எண்ணைச் சொன்னான். அந்த எண் எனக்குத் தெரியும். ஏசியை அணைத்து, கண்ணாடிகளை ஏற்றி, காற்றும் மழையும் குண்டும் குழியும் இல்லாத அறையில், உருளைமேல் கட்டிப்போட்டு ஓட்டி நாங்கள் எடுத்த எண். ரோட்டில் அது வராது. எடுத்தவளே வாங்க வந்திருக்கிறேன் என்று அவனிடம் சொல்லத் தோன்றவில்லை. கையெழுத்துப் போட்டேன்.

வண்டி வந்தது. மந்திரிக்கப் பங்குச் சாமியாரை அழைத்து, தீர்த்தம் தெளித்து, டாஷ்போர்டில் மாதா சுரூபம் ஒட்டினார் அம்மா. சாமியார் வண்டியைச் சுற்றிவந்து, "நல்ல உயரம்" என்றார். தெருவில் எங்கள் வீட்டு வாசலுக்குள் அது நுழையவில்லை. கேட்டை இடித்துக் கட்டினோம். மகள் ஜன்னல் பக்கம் ஏறி உட்கார்ந்து, "இங்கேர்ந்து பாத்தா எல்லாரும் கீழ தெரியுறாங்க" என்றாள்.

அடுத்த மழைக்காலத்தில்தான் அந்த நாள் வந்தது.

கணவரின் தொடையில் வைத்த தகட்டைக் காட்டி வர, மறுபடியும் முண்டியம்பாக்கம் போயிருந்தோம். அப்பாவுக்கும் கண் பார்க்க வேண்டியிருந்ததால் அவரும் அம்மாவும் வந்திருந்தார்கள். மகளைப் பக்கத்து வீட்டில் விட்டிருந்தோம். காலையிலிருந்தே மழை. திரும்பும்போது விக்கிரவாண்டி டோலைத் தாண்டியதும் வண்டிகள் நின்றுவிட்டன. முதலில் ஏதோ விபத்து என்று நினைத்தோம். லாரி டிரைவர் ஒருவர் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு முன்னால் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

"ஏரி ஒடைஞ்சிக்கிச்சாம்மா. ரோட்டு மேல இடுப்பளவுக்குத் தண்ணி ஓடுது. இப்பத்திக்கு நவுராது."

பின்னால் திரும்பிப் பார்த்தேன். அதற்குள் எங்களுக்குப் பின்னால் கண்ணுக்கு எட்டிய தூரம் வண்டிகள். இடது பக்கம் ஒரு பஸ், வலது பக்கம் நடுத்தடுப்பு. கதவைத் திறந்து ஒருக்களித்து இறங்கலாம், வண்டியை அசைக்க முடியாது.

பகல் முழுக்க அப்படியே நின்றோம். கண்ணாடியை இறக்கினால் சாரல். ஏற்றினால் மூச்சுக்காற்றில் உள்பக்கம் ஆவி படிந்தது. அதனால் இஞ்சினை ஓடவிட்டு ஏசி போட வேண்டியிருந்தது. அம்மா செபமாலையை எடுத்துக்கொண்டார். கணவர் காலை நீட்ட முடியாமல் சீட்டை முன்னும் பின்னும் தள்ளிக்கொண்டிருந்தார். என் எதிரே திரையில் மைலேஜ் எண் ஒளிர்ந்துகொண்டிருந்தது. நின்ற இடத்திலேயே பெட்ரோல் குடிக்கும் வண்டியில் அந்த எண் இறங்கத்தானே செய்யும். பார்க்கக் கூடாது என்றுதான் இருந்தேன். கண் அங்கேயே போனது.

பின்சீட்டில் இருந்து அப்பாவும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

"ஏன் பாப்பா, இது நல்லா ஓடுற அன்னிக்கு எவ்ளோ குடுக்குது?"

"ஹைவேல ஒரு பதினாறு குடுக்கும்ப்பா."

அவர் மறுபடியும் திரையை எட்டிப் பார்த்தார். பிறகு, "நம்ம வெள்ள வண்டியும் பதினாறுதானே குடுத்துச்சு" என்றார். "நீ ஸ்கூல் போயிக்கினு இருந்தப்பவே."

"ஆமாம்ப்பா."

"அப்ப இத்தினி வருஷமா நீ அங்க என்னா பண்ணிக்கினு இருக்கிற?"

குத்திக் காட்டக் கேட்கவில்லை. அவருக்கு உண்மையாகவே விளங்கவில்லை. அந்த வருடங்கள் முழுவதும் நான் விடியலில் கிளம்பி இருட்டில் வந்ததைப் பார்த்தவர். கணவர் முன்சீட்டில் இருந்து, "விடுங்க மாமா" என்றார்.

"இல்ல, கேக்கட்டும்" என்றேன். நகர முடியாத இடத்தில் நேரம் நிறைய இருந்தது.

"அப்பா, மண்டிக்கு முதல்ல எதுல மூட்டை வந்துச்சு?"

"மாட்டு வண்டில."

"அப்புறம்?"

"டிராக்டர். அப்பாலிக்கு மினி லாரி."

"மினி லாரி வந்ததும் உங்களுக்கு வேலை ஜல்தியா முடிஞ்சிதா? சாயந்திரம் சீக்கிரம் வீட்டுக்கு வந்தீங்களா?"

அவர் சிரித்தார். "எங்க வந்தேன்? நாலு ஊருக்குப் போயிக்கினு இருந்தவன் பத்து ஊருக்குப் போனேன். வண்டிதான் தாங்குதேன்னு மூட்டைய ஏத்திக்கினே இருந்தோம்."

"அதாம்ப்பா. நாங்க இஞ்சினைப் பலமாக்கித்தான் குடுத்தோம். அந்தப் பலத்த வச்சு வண்டிய இலேசா ஓட்டல, சாமானை ஏத்திட்டாங்க. ஏசி, கூரைக் கண்ணாடி, இடிச்சா விரியுற காத்துப் பை, இந்த உயரம், இவ்ளோ பெரிய சக்கரம். வெள்ள வண்டியப்போல ரெண்டு மடங்கு எடைப்பா இது. ரோடும் நாலு வழியா ஆயிடுச்சு. நீங்க அறுபதுல போனீங்க, இப்ப எல்லாரும் நூறுக்கு மேல பறக்குறாங்க. வேகம் கூடக் கூடக் காத்தை முட்டிக்கினு போறதுக்கே பாதி பெட்ரோல் போயிடும். இத்தனையையும் தாங்கிக்கினு அதே பதினாறு குடுக்குதே, அதான் நான் பண்ணது."

அப்பா டாஷ்போர்டையும் கூரையையும் ஒருமுறை பார்த்தார். "இதெல்லாம் யார் கேட்டா?" என்றார்.

கேட்டவர்கள் எல்லாருமே அந்த வண்டிக்குள்தான் இருந்தோம். அம்மா, செபமாலையை நிறுத்தாமலே, "காத்துப் பை வேணாமா?" என்று மட்டும் கேட்டார்.

மழை சற்று விட்டபோது, பக்கத்து ஊர்க்காரர்கள் சிலர் குண்டானில் புளிச்சோறு கொண்டுவந்து வரிசையாகக் கொடுத்தார்கள். அவர்களில் ஒரு பெண்தான் வழி சொன்னார். கொஞ்சம் முன்னால் சர்வீஸ் ரோட்டில் இறங்கி, ஊருக்குள் புகுந்து, ஓடைமேல் இருக்கும் சின்னப் பாலத்தைத் தாண்டினால், ஏரித் தண்ணீர் வராத மேட்டு வழியாக, நெடுஞ்சாலையில் வெள்ளத்துக்கு அப்பால் இருக்கும் கூட்டேரிப்பட்டுக்குப் போய்விடலாம். சேதி பரவியதும் பைக்குகள் போயின. ஆட்டோக்கள் போயின. இடப்பக்கம் நின்ற பஸ் சற்று நகர்ந்து கொடுத்ததில், எங்களுக்கும் ஓரமாக ஒரு வழி கிடைத்தது. நெருக்கியடித்து இறங்கினேன். முடிந்தது, இனி வீடுதான் என்று நினைத்தேன். அம்மாகூடச் சிலுவை போட்டுக்கொண்டார்.

பாலம் பழையது. மாட்டு வண்டிக்குக் கட்டியதாக இருக்க வேண்டும். இரண்டு பக்கமும் இடுப்பளவு கைப்பிடிச் சுவர். எங்களுக்கு முன்னால் போன ஒரு சின்னக் கார் லேசாகத் திணறிப் போய்விட்டது. நான் முகப்பை நுழைத்துப் பார்த்தேன். கண்ணாடிக் காதுகளை மடக்கினேன். கணவர் ஊன்றுகோலோடு இறங்கி முன்னால் நின்று, கையை ஆட்டி, "வராது, வராது, நிறுத்து" என்று கத்தினார். வண்டியின் இரண்டு தோளும் இரண்டு சுவரையும் தொட்டன. பின்னால் எடுத்தேன். கொஞ்சம் சாய்த்துப் பார்த்தேன். மறுபடி உரசல். ஒரு கையளவு அகலம்தான் கூடுதல். அந்த அகலத்தை எந்தக் கூட்டத்தில் முடிவு செய்தார்கள் என்பதுகூட எனக்கு நினைவிருந்தது. பின்சீட்டில் மூன்று பேர் தோள் இடிக்காமல் உட்கார வேண்டும் என்று கேட்டிருந்தார்கள்.

பின்னால் ஒரு பழைய சின்னக் கார் ஹாரன் அடிக்காமல் காத்திருந்தது. அதிலிருந்து ஒருவர் இறங்கி வந்தார். மரக்காணம் பக்கம் கடலோரக் குப்பம் ஒன்றைச் சேர்ந்தவர், மனைவியை ஆஸ்பத்திரியிலிருந்து அழைத்துப் போகிறார். கடலில் மீன் பிடிக்கிறவர்.

"உங்க வண்டி இதுல பூராதுங்க" என்றார். "ரொம்ப அகலம். கொஞ்சம் ஒதுக்கிப் போட்டீங்கன்னா நாங்க போயிடுவோம்."

ஒதுக்கினேன். அவர் திரும்பி நடந்தவர், பின்சீட்டில் வயதானவர்களைப் பார்த்து நின்றார். "எந்த ஊருக்குங்க?"

"திண்டிவனம்."

"அந்த வழியாத்தான் போறோம். பெரியவங்கள வேணும்னா ஏத்தி வுடுங்க. எறக்கி வுட்டுட்டுப் போறேன். பேஜாரா நிக்கிறீங்களே."

நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா அந்தக் காரைப் பார்த்தார். வெள்ளை இல்லை, நீலம். மற்றபடி அதே டப்பா. அதே உயரம். பின்கதவில் துரு. அம்மாவின் கண்ணில் பயம் தெரிந்தது. எனக்கும் பயம்தான். ஆனால் மகள் பக்கத்து வீட்டில் காலையிலிருந்து காத்திருக்கிறாள். பொழுது சாய்ந்துகொண்டிருந்தது.

"கொழந்த தனியா இருக்குது" என்றார் அம்மா. அவர் தனக்கே சொல்லிக்கொண்ட மாதிரி இருந்தது. புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு இறங்கினார். அப்பாவும் இறங்கினார். அந்தக் காரில் அவர் மனைவி முன்சீட்டில் கம்பளி போர்த்திக்கொண்டு சோர்ந்து சிரித்தார். "வாங்கக்கா, எடம் கீது" என்றார்.

நீலக் கார் பாலத்தில் ஏறியது. இரண்டு பக்கமும் இன்னும் இடம் இருந்தது. அந்தப் பக்கம் போய், வேலிமரங்களுக்குள் திரும்பி, மறைந்துவிட்டது. அது மறைந்த இடத்தையே நானும் கணவரும் பார்த்துக்கொண்டு நின்றோம். என் அப்பா அம்மா பயணத்தில் இருந்தார்கள். நாங்கள் இரண்டு பேரும் எங்கள் பத்திரமான வண்டியோடு இந்தக் கரையில் இருந்தோம்.

திரும்பி நெடுஞ்சாலைக்கும் போக முடியவில்லை. எங்கள் பின்னால் வந்து நின்ற மற்ற பெரிய வண்டிகள் தெருவை அடைத்துவிட்டன. அந்த ஊர்க் கோவில் வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு உட்கார்ந்தோம். அவர் காலை என் மடியில் வைத்து நீட்டிக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் போன் வந்தது. அம்மா.

"வந்து சேந்துட்டோம். கொழந்த சாப்டுட்டா. அந்தத் தம்பி காபிகூட குடிக்கல, ஓடிட்டாரு."

"பயமா இருந்துச்சாம்மா?"

"இருந்துச்சு" என்றார். "கண்ண மூடிக்கினேன்."

மறுநாள் காலையில் தண்ணீர் வடிந்த பிறகுதான் நாங்கள் வீடு வந்தோம்.

சின்னக் காரில் பத்திரமாக வந்துவிட்டதால் அம்மா மனம் மாறியிருப்பார் என்று நினைத்தேன். இல்லை. "அது ஆபத்துக்குப் பாவமில்ல. தெனம் போறதுக்கு ஆவுமா?" என்றார். அவர் சொல்வதில் தவறு காண எனக்குத் தெரியவில்லை.

ஆனால் அந்தப் பாலத்தை என்னால் மறக்க முடியவில்லை. அடுத்த மாடலுக்கான கூட்டம் வந்தபோது, முதல் முறையாக நான் எழுந்து நின்று நீளமாகப் பேசினேன். இந்த முறை நாங்கள் மிச்சம் பிடித்ததைத் தொடாதீர்கள் என்று கேட்டேன். அகலத்தைக் குறைப்போம், கூரைக் கண்ணாடி வேண்டாம், சக்கரம் ஒரு அளவு சின்னதாகப் போதும், ஒரே ஒரு வகையாவது அப்படி வரட்டும், மைலேஜ் எவ்வளவு ஏறும் என்று பாருங்கள் என்று படம் போட்டுக் காட்டினேன். அறையில் யாரும் எதிர்க்கவில்லை. வடிவமைப்புத் தலைவர் கவனமாகக் கேட்டார். குறிப்புகூட எடுத்துக்கொண்டார். கடைசியில் மெதுவாக, புண்படுத்தும் எண்ணம் துளியும் இல்லாமல், கேட்டார்.

"நல்ல யோசனைம்மா. இப்படி ஒரு வண்டிய வாங்குறவங்க யாருன்னு நான் மேல சொல்லணும். நீங்க இப்ப என்ன வண்டி வச்சிருக்கீங்க?"

அது அங்கே எல்லாருக்கும் தெரியும். ஊழியர் சலுகையில் வாங்கியது. விபத்து நடந்தபோது அவர் ஆஸ்பத்திரிக்கு வந்து பழம் கொடுத்துவிட்டுப் போனவர். மறந்துபோய்த்தான் கேட்டார் என்று நினைக்கிறேன். கேட்ட உடனே நினைவு வந்திருக்க வேண்டும். முகம் சுருங்கிவிட்டது. "சாரி, சாரிம்மா" என்றார். பக்கத்தில் இருந்தவர் அடுத்த படத்தைத் திரையில் போடச் சொன்னார்.

அன்று பஸ்ஸில் எனக்குத் தூக்கம் வரவில்லை. அச்சரப்பாக்கம் வரை ஜன்னல் வழியே சாலையைப் பார்த்துக்கொண்டே வந்தேன். பெரிய வண்டிகள், அவற்றுக்குப் பயந்து இன்னும் பெரிதாக வாங்கப்பட்ட வண்டிகள். ஒவ்வொன்றிலும் யாரோ ஒருவருடைய மகள் பின்சீட்டில் இருப்பாள். யாரை இறங்கச் சொல்வது? வேலையை விடலாமா என்று யோசித்தேன். விட்டு என்ன செய்வது என்றும் யோசித்தேன். திண்டிவனம் வந்துவிட்டது. இறங்கினேன்.

கணவர் இப்போது ரயிலில் போகிறார். தகடு வைத்த காலால் நெடுநேரம் பிரேக் மிதிக்க முடியவில்லை. மகளும் அவரோடு பாசஞ்சரில் போய் வருகிறாள். ஜன்னலோரம் கிடைத்தால் சந்தோஷம், கிடைக்காத நாளில் முணுமுணுப்பு. அவள் இருக்கும் பெட்டியின் எடையை நான் கணக்குப் பார்ப்பதில்லை.

பெரிய கார் வார நாட்களில் புதுக் கேட்டுக்குள் நிற்கிறது. ஞாயிற்றுக்கிழமை பூசைக்கும் கல்யாணங்களுக்கும் எடுக்கிறோம். போன மாதம் கண்டாச்சிபுரத்துக்கு அந்தப் பக்கம் ஒரு கல்யாணம். அப்பாவோடு மண்டியில் பழகிய குடும்பம். திரும்பி வரும்போது ஒற்றைச் சாலை. இரண்டு பக்கமும் கரும்பு. எதிரே ஒரு சின்னக் கார் வந்தது. கூரைமேல் கட்டில் ஒன்றைக் கயிற்றால் கட்டியிருந்தார்கள். உள்ளே பிள்ளைகள் முன்னும் பின்னும் நிறைந்திருந்தார்கள்.

நான் வேகத்தைக் குறைப்பதற்குள் அந்த ஆள் எங்கள் வண்டியைப் பார்த்துவிட்டு, சாலையை விட்டு மண்ணில் இறக்கிவிட்டார். முந்தின நாள் மழை பெய்த சேறு. இடப்பக்கச் சக்கரம் புதைந்து, வண்டி ஒருபக்கமாகச் சாய்ந்தது. முன்சீட்டில் இருந்த பெண் மடியில் இருந்த குழந்தையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். அவர் ஜன்னல் வழியே கையை நீட்டி, போங்க போங்க என்று காட்டினார்.

நான் நிறுத்தினேன். நானும் ஒரு சக்கரத்தை மண்ணில் இறக்கலாம், அவர் சாலைக்கு ஏறிக்கொள்ளட்டும் என்று வளைத்தேன். என் பக்கம் பள்ளம். இறங்கினால் வண்டி எடைக்கு அப்படியே உட்கார்ந்துவிடும். பின்னால் கரும்பு லாரி ஒன்று வந்து ஹாரன் அடித்தது. அவர் இன்னும் கையை ஆட்டிக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் கோபம் எதுவும் இல்லை. இப்படி ஒதுங்குவது அவருக்குப் பழக்கம்.

"ஏன்டி நிக்கிற?" என்றார் அம்மா பின்னாலிருந்து. "அவருதான் வழி வுட்டுட்டாரே. போ."

அப்பா சேற்றில் சாய்ந்த அந்தச் சின்ன வண்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். கணவர் என்னைப் பார்த்தார். லாரி மறுபடியும் ஹாரன் அடித்தது. கியரைப் போட்டு, அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்க்காமல், மெதுவாக அவர்களைக் கடந்து போனேன்.